நடுவரின் அபிப்பிராயம்

லண்டன் மாநகரின் கிரேட் குவீன் தெருவிலிருந்த ஃப்ரீமேசன்ஸ் டாவர்ன் என்னும் விடுதியில், 1863ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி மாலை, கால்பந்துச் சங்கங்களின் பிரதிநிதிகள் சிலர் கூடிப் பேசத் தொடங்கி, டிசம்பர் மாதம் வரையில் 6 அமர்வுகள் நடத்தி, கடைசியில் அந்த ஆட்டத்துக்கென்று 13 விதிகளை எழுதி முடித்தார்கள். எபனீசர் காப் மார்லி என்ற வழக்கறிஞர் வரைந்த அந்த விதிகள், மைதானத்தின் நீளம் 200 கெஜத்துக்கு மேற்படலாகாது என்கின்றன. கோல் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே 8 கெஜம் இருக்கவேண்டும் என்கின்றன. ஆடுகிறவனுடைய பூட்ஸின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ஆணியோ, இரும்புத் தகடோ, குட்டாபெர்ச்சாவோ இருத்தலாகாது என்று வெகு ஜாக்கிரதையாக எச்சரிக்கின்றன. பூட்ஸின் அடிப்பாகம் வரையில் குனிந்து பார்த்த அந்தப் புத்திமான்கள், விதியை ஒருவன் மீறினால் அவன் மீறினான் என்று சொல்வது யார் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நடுவர் என்ற பதவியே அந்தச் சாசனத்தில் இல்லை.

இது மறதியால் நேர்ந்த குறை அன்று. கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் பெயர்பெற்ற பள்ளிகளின் மரபில் வளர்ந்தவர்கள். விளையாட்டில் வேண்டுமென்றே தவறு செய்வது கனவானுக்கு அடாத காரியம், அறியாமல் நேர்ந்த தவறைத் தானே முன்வந்து ஒப்புக்கொள்வதுதான் அவனுக்கு அழகு, ஆகையால் இரண்டு அணித் தலைவர்களும் ஒரு நிமிஷம் நின்று பேசினால் தீராத வழக்கு எதுவும் மைதானத்தில் பிறக்க இடமில்லை என்பது அவர்களுடைய சித்தாந்தம். அதே கூட்டத்தில்தான் எதிராளியின் கணைக்காலில் உதைப்பதை அனுமதிப்பதா விலக்குவதா என்ற விவகாரம் வாரக்கணக்கில் நடந்தது என்பதும், உதை கூடாது என்று முடிவானபோது அது ஆண்மைக்கு இழுக்கு என்று கருதிய பிளாக்ஹீத் சங்கத்தார் வெளியேறினார்கள் என்பதும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கவை. பிறன் காலை உதைப்பதில் இழிவு காணாத கனவான்கள், தம் சொல்லை இன்னொருவன் சோதித்துப் பார்ப்பதில் இழிவு கண்டார்கள். அவரவர் மானம் அவரவருக்கு!

சித்தாந்தம் எவ்வளவு உயர்ந்ததானாலும், 1871ஆம் ஆண்டில் பரிசுக் கோப்பைப் பந்தயம் என்று ஒன்று ஏற்பட்டதும் அதற்குச் சிறிது முட்டுக்கொடுக்கவேண்டிய அவசியமும் ஏற்பட்டது. கிரிக்கெட் ஆட்டத்தின் பழக்கத்தைப் பின்பற்றி, அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் மைதானத்தில் நின்றார்கள். ஆட்டக்காரன் கையை உயர்த்தி முறையிட்டாலன்றி அவர்கள் வாய் திறப்பதில்லை. முறையீடு வந்து, இருவரும் ஒத்த கருத்தைச் சொல்லிவிட்டால் வழக்கு அதோடு தீர்ந்தது. ஒத்துப்போகாவிட்டால், கோட்டுக்கு வெளியே கடிகாரமும் கையுமாக நின்றுகொண்டிருந்த மூன்றாமவரிடம் விவகாரம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைக்கப்பட்டவர் என்ற பொருளில்தான் அவருக்கு ரெஃபரி என்ற பெயர் வந்தது. நம் ஊர்ப் பஞ்சாயத்தில் வாதியும் பிரதிவாதியும் ஆளுக்கொருவரைக் கூட்டிவந்து, அந்த இருவரும் சண்டை போட்டுக்கொண்டு நிற்க, திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பார்த்து, "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஐயா" என்பார்களே, அந்தப் பெரியவருடைய ஸ்தானம் அது. மத்தியஸ்தர் என்ற பழைய சொல் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். கேட்டால் சொல்வார், கேளாவிட்டால் அவர் இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது பணம். 1885ஆம் ஆண்டில் கூலி வாங்கிக்கொண்டு ஆடுவது சட்டபூர்வமாயிற்று. 1888இல் 12 சங்கங்கள் சேர்ந்து லீக் என்ற ஓயாத பந்தய வரிசையைத் தொடங்கின. லங்காஷயரிலும் மத்திய இங்கிலாந்திலும் ஆலைத் தொழிலாளிகள் சனிக்கிழமை மத்தியானம் சம்பளப் பணத்தில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். தோற்றால் வருமானம் குறையும் என்ற நிலை வந்தபிறகு, தவறைத் தானே ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மையை எவனிடம் எதிர்பார்ப்பது? அம்பயர்கள் தத்தம் கட்சிக்கு வக்கீல்களாகவே ஆகிவிட்டார்கள். வழக்குகள் எல்லாம் கோட்டுக்கு வெளியே நின்ற மத்தியஸ்தர் தலையில் வந்து விடிந்தன.

அந்தச் சமயத்தில் அயர்லாந்தின் ஆர்மா மாவட்டத்தில், மில்ஃபர்டு என்னும் சிற்றூரில், வில்லியம் மக்கிரம் என்று ஒரு கோல்கீப்பர் இருந்தார். லினன் ஆலை முதலாளியின் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1890–91ஆம் ஆண்டில் முதன்முதலாக நடந்த அயர்லாந்து லீக் பந்தயத்தில் அவருடைய ஊர் அணி 14 ஆட்டங்கள் ஆடி, ஒரு புள்ளிகூடப் பெறாமல் கடைசி இடத்தை அடைந்தது என்றால், அந்த மனிதர் கோல் வாயிலில் நின்று என்னென்ன கண்டிருப்பார் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். பந்து உள்ளே போகிற தறுவாயில் தடுப்பவன் எதிராளியின் காலை வாரிவிடுகிறான், அல்லது கையால் பந்தைத் தட்டிவிடுகிறான். அதற்கு அபராதம் அந்த இடத்திலிருந்தே ஒரு சாதாரண உதை. அதற்குள் தடுக்கும் அணி முழுவதும் வாசலை அடைத்து நின்றுகொள்கிறது. குற்றம் செய்தவனுக்கே லாபம். இதைக் கண்டு மனம் நொந்த மக்கிரம், அத்தகைய குற்றத்துக்கு கோல்கீப்பர் ஒருவரைத் தவிர வேறெவரும் குறுக்கே நில்லாதபடி 12 கெஜத் தூரத்திலிருந்து ஓர் உதை கொடுக்கவேண்டும் என்று யோசனை சொன்னார். விதிகளை வகுப்பதற்காக 1886ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் தீவுகளின் நான்கு சங்கங்களும் சேர்ந்து அமைத்திருந்த சர்வதேசக் குழுவின் முன் அயர்லாந்துப் பிரதிநிதியான ஜாக் ரீட் அதைக் கொண்டுபோனபோது, ஐரிஷ்காரன் தீர்மானம் என்று பரிகாசம் செய்து ஓராண்டு ஒத்திவைத்தார்கள்.

ஓராண்டுக்குள் பரிகாசம் அடங்கிற்று. 1891 பிப்ரவரியில் நாட்ஸ் கவுண்டிக்கும் ஸ்டோக்குக்கும் நடந்த கோப்பைக் கால் இறுதி ஆட்டத்தில், கோலுக்குள் போய்க்கொண்டிருந்த பந்தை நாட்ஸ் கவுண்டித் தடுப்பாட்டக்காரன் ஒருவன் கோட்டின்மேல் கையால் நிறுத்திவிட, கோட்டுக்குச் சில அங்குலம் தள்ளிக் கொடுத்த உதையை கோல்கீப்பர் உடம்பாலேயே மறைத்துக்கொள்ள, ஸ்டோக் தோற்றது. அந்த ஜூன் மாதம் 2ஆம் தேதி கிளாஸ்கோ நகரத்து ஹோட்டல் ஒன்றில் கூடிய குழு பெனால்டி உதையை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் இன்னொரு மாறுதலும் செய்யப்பட்டது. என் எண்ணத்தில் பெனால்டியைவிட அதுவே பெரியது. கோட்டுக்கு வெளியே நின்ற மத்தியஸ்தர் மைதானத்துக்குள் அழைக்கப்பட்டார். உள்ளே நின்ற அம்பயர்கள் இருவரும் வெளியே அனுப்பப்பட்டு, கொடி பிடிக்கும் லைன்ஸ்மன்கள் ஆனார்கள். அதற்குப் பின் சில ஆண்டுகளுக்குள் முறையீடு என்ற சடங்கும் நீங்கிற்று. யாரும் கேளாமலே தீர்ப்புச் சொல்லும் அதிகாரம், விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடும் ஒற்றை மனிதருக்கு வந்து சேர்ந்தது.

பழைய கனவான்கள் இதை லேசில் ஜீரணித்துக்கொள்ளவில்லை. 1882இல் தோன்றிய கொரிந்தியன் சங்கத்தார் பெனால்டி என்ற எண்ணத்தையே அவமதிப்பாகக் கருதினார்கள் என்றும், தமக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தால் அவர்களுடைய கோல்கீப்பர் கம்பத்தின்மேல் சாய்ந்து நின்றுவிடுவார் என்றும், தமக்குக் கிடைத்தாலோ பந்தை வேண்டுமென்றே வெளியே உதைத்துவிடுவார்கள் என்றும் சொல்வதுண்டு. வேண்டுமென்றே குற்றம் செய்யக்கூடியவர்கள் என்று எங்களை நினைக்கலாமா என்பது அவர்களுடைய மனத்தாங்கல். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஏனென்றால், புதிய விதி தண்டித்தது செயலை மாத்திரமன்று, செய்தவனுடைய எண்ணத்தையும் சேர்த்துத்தான்.

நடுவர் வேலையின் சூக்ஷ்மம் இங்கேதான் தொடங்குகிறது. பந்து கையில் பட்டதா என்பதைக் கண் பார்த்துச் சொல்லிவிடலாம். வேண்டுமென்று பட வைத்தானா என்பதைச் சொல்ல எந்தக் கண்ணால் ஆகும்? தொல்காப்பியச் சூத்திரம் ஒன்றை இளம்பூரணர் ஒருவிதமாகவும் நச்சினார்க்கினியர் வேறுவிதமாகவும் கொண்டு பொருளுரைத்தால் நாம் இருவரையும் வணங்கி, சாவகாசமாக இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். மைதானத்து உரையாசிரியருக்கோ ஒரு நொடிதான் அவகாசம். அவர் உரையே அந்த ஆட்டத்துக்கு மூலமும் ஆகிவிடுகிறது. விதிகளை எழுதினவர்கள் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். அதனால்தான் அபாயகரமான ஆட்டம், முறைகேடான நடத்தை முதலியவற்றைப் பற்றிப் பேசுமிடங்களில், நடுவருடைய அபிப்பிராயத்தில் என்னும் ஒரு சிறு தொடரைச் செருகிவைத்தார்கள். ஆட்டத்தின் நிகழ்ச்சிகளைப் பற்றி அவர் சொல்வதே முடிவு என்றும் எழுதினார்கள். சட்டப் புத்தகங்களில் அத்தனை சிறிய தொடருக்கு அத்தனை பெரிய அதிகாரம் கொடுத்திருப்பது அபூர்வம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கும் ஒரு படி மேலே போய், குற்றம் நடந்ததைக் கண்டும் விசில் ஊதாமலிருக்கும் உரிமையையும் அவருக்கு அளித்தார்கள். ஆட்டத்தை நிறுத்தினால் குற்றவாளிக்கே அனுகூலம் என்று தோன்றினால், நடுவர் இரண்டு கைகளையும் முன்னே வீசி, போகட்டும் என்று விட்டுவிடலாம். கண்ட குற்றத்தைக் காணாததுபோல் விடுவதும் நீதியின் ஒரு வகையே என்று ஒப்புக்கொண்ட சட்டம் இது.

ஆஃப்சைடு விதியைப் பற்றி விரித்தால் இந்தக் கட்டுரை புராணமாகிவிடும். பந்துக்கு முன்னால் நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிராளிகள் மூவர் இருக்கவேண்டும் என்றிருந்ததை 1925ஆம் ஆண்டில் இருவர் என்று குறைத்தவுடன், இங்கிலாந்து லீக் பந்தயங்களில் விழுந்த கோல்கள் 4,700இலிருந்து ஒரே ஆண்டில் 6,373 ஆயின என்பதைச் சொன்னால் போதும். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1927–28இல், எவர்ட்டன் அணியின் டிக்ஸி டீன் லீக் ஆட்டங்களில் மாத்திரம் 60 கோல்கள் போட்டார். ஒரு விதியில் ஓர் எண்ணை மாற்றியதால் வந்த வினை. ஆனால் அந்த இடத்தில் நிற்பவன் ஆட்டத்தில் தலையிடுகிறானா, சும்மா நிற்கிறானா என்ற கேள்விக்கு எண் எதுவும் விடை சொல்லாது. அது பழையபடி நடுவர் தலையில்தான்.

இப்படி ஆண்டுதோறும் ஒட்டுப்போட்டுக் கந்தலாகிக் கிடந்த விதிகளை 1938ஆம் ஆண்டில் 17 பகுதிகளாக ஒழுங்குபடுத்தித் தெளிந்த நடையில் எழுதித் தந்தவர் ஸ்டான்லி ரௌஸ். 1934ஆம் ஆண்டுக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு நடுவராக இருந்து, அதே ஆண்டில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானவர். பின்னாளில் உலகச் சம்மேளனத்துக்கே தலைவரானவர். நடுவர் மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக ஓடவேண்டும், மற்ற இரண்டு பக்கங்களையும் லைன்ஸ்மன்கள் கவனித்துக்கொள்ளவேண்டும் என்ற முறையைப் பரப்பியவரும் அவரே. எது கண்ணில் படுகிறது என்பது எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது என்ற உண்மை ஓடி ஓடிக் களைத்த கால்களுக்குத்தான் விளங்கும்.

விதியைப் பொருள் கொள்வது ஒருபுறமிருக்க, கொண்ட பொருளை மற்றவனுக்கு விளங்கவைப்பது எப்படி? உள்ளூர்ச் சண்டையில் இந்தக் கேள்வி எழுவதில்லை. நாட்டுக்கு நாடு ஆடத் தொடங்கியபின் அது பெரிதாக எழுந்தது. 1966ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி, வெம்ப்ளி மைதானத்தில், உலகக் கோப்பைக் கால் இறுதியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதின. நடுவர் ருடால்ஃப் கிரைட்லைன், ஸ்டுட்கார்ட் நகரத்துத் தையற்காரர். ஜெர்மன் மொழிக்காரர், ஸ்பானிஷ் அறியாதவர். அர்ஜென்டினாத் தலைவன் அந்தோனியோ ராத்தீன் அவரைத் தொடர்ந்து வந்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். தனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றுதான் கேட்டதாக ராத்தீன் பிற்பாடு சாதித்தான். அவன் முகத்தைப் பார்த்தே அவன் என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொண்டதாக நடுவர் சொன்னார். முகத்துக்கு உரை எழுதிய நடுவர் அவர் ஒருவர்தான் போலும்! முதற்பாதி முடிவதற்குள் ராத்தீனை வெளியேறச் சொன்னார். அவன் போகமாட்டேன் என்று நிற்க, ஆட்டம் பல நிமிஷங்கள் தடைப்பட்டது. அதே ஆட்டத்தில் சார்ல்ட்டன் சகோதரர்கள் இருவரும் எச்சரிக்கப்பட்டார்கள் என்ற செய்தி அவர்களுக்கே பத்திரிகைகளின் மூலமாகத்தான் தெரியவந்தது.

அந்தப் போட்டியில் நடுவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் கென் ஆஸ்ட்டன் என்ற பள்ளி ஆசிரியர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சேர்ந்து லெஃப்டினன்ட் கர்னலாக உயர்ந்து, சிங்கப்பூரில் நடந்த சாங்கி யுத்தக் குற்ற விசாரணைகளில் பணிபுரிந்தவர் அவர். ஆக, நீதிமன்றத்து நீதியையும் மைதானத்து நீதியையும் ஒருங்கே அறிந்தவர். 1962ஆம் ஆண்டில் சாந்தியாகோவில் சிலிக்கும் இத்தாலிக்கும் நடந்த ஆட்டத்தில் நடுவராக நின்று, ஆட்டம் குத்துச்சண்டையாக மாறியதைத் தம் கண்ணாலேயே கண்டவர். வெம்ப்ளியில் நடந்த குழப்பத்தை மனத்தில் அசைபோட்டுக்கொண்டே காரில் திரும்பிவரும்போது, கென்சிங்டன் ஹை தெருவில் சாலை விளக்கு மஞ்சளிலிருந்து சிவப்பாக மாறியதைப் பார்த்தார். மஞ்சள் என்றால் ஜாக்கிரதை, சிவப்பு என்றால் நின்றுவிடு. இதற்கு எந்த நாட்டானுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும்? 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பையில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் நடுவர்களின் சட்டைப்பையில் ஏறின. அந்த முறை சிவப்பு அட்டை ஒன்றுகூட வெளியே வரவில்லை. உலகக் கோப்பையில் அதை முதலில் கண்டவர், 1974ஆம் ஆண்டில், சிலி நாட்டுக் கார்லோஸ் காஸெலி. வேடிக்கை என்னவென்றால், அட்டையைக் கண்டுபிடித்த இங்கிலாந்தின் லீக் 1976இல்தான் அதை ஏற்றுக்கொண்டது. 1981இல் வேண்டாமென்று கைவிட்டு, 1987இல் மறுபடியும் எடுத்துக்கொண்டது.

விதியின் எழுத்தை இம்மியும் பிசகாமல் பற்றிக்கொண்டவர்களும் உண்டு. 1978ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி அர்ஜென்டினாவின் மார் தெல் பிளாத்தா நகரில் பிரேசிலும் ஸ்வீடனும் 1–1 என்று சமநிலையில் இருந்தபோது, கடைசி நொடியில் பிரேசிலுக்கு ஒரு கார்னர் உதை கிடைத்தது. பந்து வந்தது, ஜீக்கோ தலையால் முட்டி உள்ளே அனுப்பினார். ஆனால் பந்து காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்தது என்று வேல்ஸ் நாட்டு நடுவர் கிளைவ் தாமஸ் விசில் ஊதிவிட்டார். விதிப்படி பெனால்டிக்கு மாத்திரமே நேரத்தை நீட்டலாம். கார்னருக்கு நீட்டச் சொல்லி எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆகையால் அவர் செய்தது முற்றிலும் சட்டம். ஆனாலும் அந்த விசிலை ஆதரித்துப் பேசியவர்களைக் காண்பது அரிது. பந்து தரையில் இறங்கும் வரையில் பொறுத்திருந்தால் எந்த விதி செத்துப்போயிருக்கும் என்றே எனக்கும் கேட்கத் தோன்றுகிறது.

பிற்காலத்தில் விதிகளை எழுதுகிறவர்கள் எண்ணத்தைத் தேடும் தொல்லையிலிருந்து நடுவரை விடுவிக்கப் பார்த்தார்கள். 1995ஆம் ஆண்டில், காலை வாருவது, தள்ளுவது போன்ற குற்றங்களுக்கு, வேண்டுமென்று செய்தானா என்று கேளாமல், அஜாக்கிரதையாகச் செய்தானா, விளைவை எண்ணாமல் துணிந்தானா, அளவுக்கு மீறிய பலத்தைப் பிரயோகித்தானா என்று பார்த்தால் போதும் என்றார்கள். 1997இல் விதிகளைப் புதுக்கியபோது, கனவானுக்கு ஒவ்வாத நடத்தை என்றிருந்த பழைய வாசகத்தையும் நீக்கி, விளையாட்டுக்கு ஒவ்வாத நடத்தை என்று மாற்றினார்கள். ஃப்ரீமேசன்ஸ் டாவர்னின் கனவான் விதிப்புத்தகத்திலிருந்து அன்றோடு வெளியேறினான். 2012இல் கோல் கோட்டை யந்திரம் காவல் காக்க அனுமதி கிடைத்தது. 2018இல் திரையைப் பார்த்துத் தீர்ப்பைத் திருத்தும் வி.ஏ.ஆர். முறை விதிகளில் ஏறியது. பந்து கோட்டைத் தாண்டியதா என்பதை யந்திரம் சந்தேகமறச் சொல்லிவிடுகிறது. அதற்காக அதை வாழ்த்தலாம். மற்றவற்றில் திரைக்குமுன் உட்கார்ந்திருப்பவர் தலையிடவேண்டுமானால் தவறு தெளிவானதாகவும் வெளிப்படையானதாகவும் இருக்கவேண்டும் என்கிறது விதி. எது தெளிவு, எது வெளிப்படை என்பதற்கு மறுபடியும் ஒருவர் அபிப்பிராயம் வேண்டியிருக்கிறது. 2019இல் கையில் பந்து பட்டு விழும் கோல் தற்செயலானாலும் செல்லாது என்று கண்டிப்பாக எழுதிப் பார்த்தார்கள். அதனால் வந்த விபரீதங்களைக் கண்டு 2021இல் அதைத் தளர்த்தினார்கள்.

கையும் கோலும் என்றவுடன் எல்லோருக்கும் நினைவு வருவது 1986ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி மெக்சிகோவின் அஸ்தேக்கா மைதானத்தில் அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் ஆடிய ஆட்டந்தான். மரடோனா எம்பிக் குதித்து இடது கையால் பந்தை உள்ளே தட்டினான். துனீசியா நாட்டு நடுவர் அலி பின் நாசர் அதைக் காணவில்லை. பல்கேரியக்காரரான லைன்ஸ்மன் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவரிடமிருந்து ஆட்சேபம் எதுவும் வராததால் கோல் என்று தீர்ப்பளித்தார். இன்றைய திரை அந்த கோலைச் சில வினாடிகளில் அழித்திருக்கும். நான்கு நிமிஷங்களுக்குப் பிறகு அதே மரடோனா தன் பாதியிலேயே பந்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டு, வழிமறித்தவர்களையெல்லாம் தாண்டி, கோல்கீப்பர் பீட்டர் ஷில்ட்டனையும் ஏமாற்றிப் போட்ட இரண்டாவது கோலை உலகம் அதிசயம் என்று கொண்டாடுகிறது. அந்த ஓட்டத்தில் இங்கிலாந்துக்காரர்கள் அவனைக் கீழே தள்ள முயன்றபோதெல்லாம், விசிலை வாயருகே வைத்துக்கொண்டு, ஊதாமல் கூடவே ஓடியவர் அதே அலி பின் நாசர். முதல் கோலுக்காக அவரைத் திட்டுகிறவர்கள் இரண்டாவது கோலில் அவருக்கு இருந்த பங்கை நினைப்பதில்லை. ஊதாத விசில் எந்தத் திரையிலும் பதிவதில்லை. மரடோனா மாத்திரம் அவரை மறக்கவில்லை. 2015ஆம் ஆண்டில் துனீசியாவுக்குப் போனபோது அந்த முதிய நடுவரின் வீடு தேடிச் சென்று, என்றும் நண்பர் என்று எழுதிக் கையெழுத்திட்ட அர்ஜென்டினாச் சட்டை ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தான்.